58ஆம் இடத்தில் ஒரு நாள்

யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கியதும் பாப்பா கேட்ட முதல் கேள்வி: "சித்தி, யுனிவர்சிட்டி எங்க?"

நியாயமான கேள்விதான். கே.எல். சென்ட்ரலில் ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி தாண்டி நான்காவது நிறுத்தம். பலகையில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் சாலையும் அடுக்குமாடி வீடுகளும்தான். வளாகத்துக்குள் போக அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பல வருடமாக வேலைக்குப் போய்வருகிற எனக்கே அன்றைக்குத்தான் அது ஒரு குறையாகப் பட்டது.

அக்கா மகளுக்கு வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் பெயர். எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டாள். தமிழும் வரலாறும் பொருளாதாரமும் எடுத்துப் படித்தவள். முதல் நாள் மாலை தைப்பிங்கில் இ.டி.எஸ். ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். யு.பி.யு. விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது என்பதுதான் இரண்டு வாரமாக அவர்கள் வீட்டில் நடக்கும் சண்டை. அத்தானுக்குப் பொருளாதாரம், இல்லையென்றால் கணக்கியல். பாப்பாவுக்கு இந்திய ஆய்வியல். இரண்டும் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே இருப்பதால் இருவருக்கும் ஒரே ஆயுதம் கிடைத்திருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தான் ஒரு படத்தைப் போட்டார்: உலகத் தரவரிசை, 2026, மலாயாப் பல்கலைக்கழகம் 58ஆம் இடம். கீழே, "இவ்வளவு பெரிய இடத்துல போய் தமிழா படிக்கிறது?" பத்து நிமிடம் கழித்துப் பாப்பா அதே படத்தைத் திருப்பிப் போட்டாள்: "இவ்வளவு பெரிய இடத்துலதான் தமிழ் படிக்கணும்."

அக்கா எனக்குத் தனியாக அழைத்தாள். "நீதானே மீடியா படிச்சவ. ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டு. பார்த்துட்டு அவளே முடிவு பண்ணட்டும்." ஊடகம் நானாகத் தேர்ந்தெடுத்த படிப்பு இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும். விண்ணப்பத்தில் நான் முதலில் போட்டது வேறு; கிடைத்தது இது. பிறகு அதுவே சோறு போட்டது, அது வேறு கதை. ஆனால் அந்த விண்ணப்பத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வயிறு எப்படிக் கலங்கும் என்பது எனக்கு மறக்கவில்லை. வியாழக்கிழமை ஒளிபரப்பை நண்பரிடம் மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நம் குடும்பங்களில் பலருக்கு இந்தப் பல்கலைக்கழகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மருத்துவமனைதான். "யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க" என்ற வாக்கியத்தைக் கேட்காத தமிழ் வீடு கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்காது. என் பாட்டியின் கண் அறுவை சிகிச்சை அங்கேதான் நடந்தது. பேருந்து ஏறும்போது பாப்பாவிடம் ஒரு விஷயம் சொன்னேன்: மருத்துவப் பீடத்தை 1960களில் தொடங்கி வளர்த்த முதல் தலைவர் ஒரு தமிழர், டாக்டர் டி. ஜே. டனராஜ். மருத்துவ நூலகம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. "அப்பாக்கிட்ட அதைச் சொல்லிடாதீங்க. அப்புறம் மெடிசின் போடச் சொல்லுவாரு" என்றாள்.

வளாகம் மரங்களாலானது. லெம்பா பந்தாயின் மேடு பள்ளங்களை நிரவாமல் அப்படியே விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஏறினால் ஒரு பீடம், இறங்கினால் ஒரு விடுதி. நடுவில் ஏரி. ஒரு பக்கம் 1974இல் தொடங்கிய 'ரிம்பா இல்மு' தாவரத் தோட்டம், 80 ஹெக்டேர். கோலாலம்பூரின் நிலவிலையைத் தெரிந்தவர்களுக்கு அந்த எண் கொஞ்சம் மூச்சு வாங்கும். துங்கு கான்சலர் மண்டபத்தின் முன்னால் இறங்கினோம். பட்டமளிப்புப் புகைப்படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிங்டன் லூ வடிவமைத்து 1966இல் எழுந்த கட்டடம்; பூச்சில்லாத வெறுங்கான்கிரீட், வெயிலை மறைக்கும் கனத்த தடுப்புகள். எனக்கு அது அழகா இல்லையா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. பாப்பா தயங்கவே இல்லை: "பார்க்கிங் கட்டடம் மாதிரி இருக்கு."

மண்டபத்துக்கு எதிரே நிழலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் எங்களிடம் வந்தாள். முதுகுப்பையில் சிவப்புக் குஞ்சம் வைத்த ஒரு சீன அலங்காரம் தொங்கியது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து மலாயில் கேட்டாள்: "மாஃப், பெர்புஸ்தாக்கான் டி மானா?" நூலகம் எங்கே என்று எங்களுக்கும் தெரியாது. பாப்பா சரளமான மலாயில் தெரியாது என்று சொல்லி, கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். மூவரும் சேர்ந்து நடந்தோம். சீனாவிலிருந்து முதுகலை படிக்க வந்தவளாம். வெளிநாட்டு மாணவர்கள் அடிப்படை மலாய்ப் பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் வழி கேட்பதைக்கூட மலாயில் கேட்கிறாளாம். கொஞ்ச தூரம் போனதும் பாப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீயும் வெளிநாட்டு மாணவியா? உன் மலாய் ரொம்ப நன்றாக இருக்கிறதே."

"இல்ல, தைப்பிங்."

"தைப்பிங்கா? அது சீனப் பெயராயிற்றே. எந்த நாட்டில்?"

பாப்பா சிரித்துவிட்டாள். நான்தான் சரியாகச் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

2004ஆம் ஆண்டு. நான் அப்போது இடைநிலைப் பள்ளி. லண்டனின் டைம்ஸ் உயர்கல்வி இதழ் முதன்முறையாக உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசை ஒன்றை வெளியிட்டது. அதற்குக் கணக்கெடுத்துக் கொடுத்தது இன்று தனியாகப் பட்டியல் போடும் கியூ.எஸ். நிறுவனம். மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆம் இடம். உலகின் முதல் நூறில் நாங்கள் என்று வளாகத்தில் பதாகை தொங்கியது. அடுத்த ஆண்டுப் பட்டியல் வந்தது: 169. ஒரே வருடத்தில் எண்பது படி சறுக்கல். நாடாளுமன்றத்தில் பேச்சு, நாளிதழ்களில் தலையங்கம். ஒரு வருடத்தில் ஆசிரியர்கள் மறந்துபோனார்களா, ஆய்வுக்கூடம் இடிந்துவிட்டதா? அப்படி எதுவும் நடக்கவில்லை. சறுக்கலுக்கு முக்கியக் காரணம் ஒரு கணக்குப் பிழை. முதல் ஆண்டில் மலேசியச் சீனர்களையும் மலேசிய இந்தியர்களையும் 'வெளிநாட்டவர்' என்று சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர் அதிகம் இருந்தால் புள்ளி அதிகம். இரண்டாம் ஆண்டு அதைத் திருத்தியதும் புள்ளி போய்விட்டது.

அதாவது, தைப்பிங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பிறந்து, நெகாராகூ பாடி வளர்ந்த பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்க வெளிநாட்டவராக இருந்து பல்கலைக்கழகத்தை முதல் நூறில் ஏற்றிவிட்டார்கள். உள்நாட்டவராக மாறியதும் இறக்கிவிட்டார்கள். நம்மை யாரும் இவ்வளவு பயனுள்ள வெளிநாட்டவராக அதற்கு முன்னும் பின்னும் நடத்தியதில்லை. பாப்பாவிடம் இதைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, "அப்பாவோட குரூப்ல போடவா?" என்றாள்.

இன்றைய 58 அப்படிப்பட்ட பிழையில் வந்தது இல்லை; அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2021 பட்டியலில் 59, பிறகு 65, 70, மறுபடி 65, 60, இப்போது 58. ஏறியும் இறங்கியும் நிலைத்து நிற்கிற எண். ஆனால் அது எதை அளக்கிறது என்று பார்த்தால், நூறு புள்ளியில் 30 உலகெங்கும் உள்ள கல்வியாளர்களிடம் 'எது நல்ல பல்கலைக்கழகம்' என்று கேட்டு வாங்கும் அபிப்பிராயம். 15 முதலாளிகளின் அபிப்பிராயம். 20 ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது. ஆசிரியர், மாணவர் விகிதத்துக்கு 10. வெளிநாட்டு ஆசிரியருக்கு 5, வெளிநாட்டு மாணவருக்கு 5. மீதி வேலை வாய்ப்பு, பன்னாட்டு ஆய்வுத் தொடர்பு, நிலைத்தன்மை என்று பிரிந்து போகிறது. தைப்பிங் பெண் ஒருத்தி உள்ளே வந்தாளா, வந்தவள் என்ன ஆனாள் என்பதற்குத் தனிப் புள்ளி கிடையாது.

அந்தக் கணக்கு இன்னொரு ஏட்டில் நடக்கிறது. அதற்குப் பெயர் தேசியக் கொள்கை.

இந்த நாட்டில் அரசுப் பல்கலைக்கழகம் வெறும் கல்விக்கூடமாக இருந்ததே இல்லை. 1969க்குப் பிறகு அது சமூகத்தை மாற்றி அமைக்கும் கருவியானது. ஆங்கிலத்தில் நடந்த பாடங்கள் படிப்படியாக மலாய்க்கு மாறின. உயர்கல்வி இடங்களைப் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்க அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவில் 1971இல் வழி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் பல்கலைக்கழகச் சட்டமும் வந்தது. கிராமத்து மலாய்ப் பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கினார்கள். அந்த மாற்றத்தின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் இருந்த பிள்ளைகளும் முதல் தலைமுறைதான் என்பதையும் மறக்க முடியாது. 2002இலிருந்து தகுதி அடிப்படை என்று ஆனது. மெட்ரிகுலேஷனில் 90க்கு 10 என்ற பங்கீடு மட்டும் நின்றது. 2019இல் அந்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கியபோதும் விகிதம் மாறவில்லை. பத்து ஏ எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்ற அறிவிப்பு 2024இல்தான் வந்தது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் வீட்டில் அன்றைக்கு என்ன பேசியிருப்பார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். பாப்பா எடுத்தது எட்டு. அதனால்தான் எஸ்.டி.பி.எம்.

இந்த ஏட்டையும் அந்தப் பட்டியலையும் ஒரே கையில் பிடிக்கச் சொல்கிறது அரசு. 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம், 2025க்குள் மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்று ஆசியாவின் முதல் 25இலும், இரண்டு உலகின் முதல் 100இலும், நான்கு முதல் 200இலும் இருக்க வேண்டும் என்றது. வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை 250,000 ஆக வேண்டும் என்றது. ஆசிய இலக்கு நிறைவேறிவிட்டது. முதல் 200இல் நான்குக்கும் மேலேயே இருக்கின்றன. முதல் நூறில் மலாயாப் பல்கலைக்கழகம் மட்டும்தான். அதே அரசு, தேசிய மொழியைக் கைவிடாதே, உள்ளூர்ப் பிள்ளைக்குக் கட்டணத்தை ஏற்றாதே, ஏழைக் குடும்பத்தைச் சேர், அதோடு உன் செலவுக்கு நீயே கொஞ்சம் சம்பாதி என்றும் சொல்கிறது. நான்கும் நியாயமான கோரிக்கைகள்தான். நாலு பேர் நாலு பக்கம் பிடித்து இழுக்கும் வேட்டி மாதிரி இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடு.

இங்கே உடனே யாராவது சிங்கப்பூரைச் சொல்வார்கள். அத்தானும் சொல்லியிருந்தார்: "அவன் எட்டாவது இடம்." கதை தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1949இல் சிங்கப்பூரில்தான் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது, மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்து. 1962இல் இரண்டாகப் பிரிந்தது. இங்கே வந்தது பெயரோடு வந்தது. அங்கே நின்றது, 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. ஆக, ஒரு தாய்ப் பிள்ளைகள். அண்ணனா தம்பியா என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு. அங்கேயும் நாட்டுக் கொள்கை இல்லாமல் இல்லை. அரசு மானியத்தோடு படிக்கும் வெளிநாட்டு மாணவர் மூன்று ஆண்டு அங்கே வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். நன்யாங்கின் சீனமொழிக் கல்விக்கு முடிவு வந்ததும் கொள்கையால்தான். பாப்பாவுக்காக நான் தேடிப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. தமிழைப் பட்டப்படிப்பாகப் படிக்க விரும்பும் சிங்கப்பூர் மாணவர்கள் சேர்வது அந்த எட்டாம் இடத்தில் இல்லை. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில். தரவரிசைப் படத்தைக் குடும்பக் குழுவில் போடுகிறவர்கள் அந்தப் பெயரைப் போட்டு நான் பார்த்ததில்லை.

நூலகத்துக்கு வந்துவிட்டோம். சீனப் பெண் 'தெரிமா காசே' சொல்லி உள்ளே போனாள். நாங்கள் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொண்டு உள்ளே நுழைந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது.

தமிழ் நூல்கள் இருக்கும் அடுக்குகளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் பாப்பா பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒன்றிரண்டு அலமாரி இருக்கும் என்று நினைத்திருக்கிறாள் போலும். நான் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து உள்பக்கத்தைப் பார்த்தேன். ஊதா மையில் ஒரு முத்திரை. பாதி அழிந்து, மலாயா என்ற சொல் மட்டும் தெரிந்தது.

அந்த நூல்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வானொலியில் ஒரு முறை பத்து நிமிட நிகழ்ச்சியாகச் செய்திருக்கிறேன். பத்து நிமிடம் போதாது. 1950களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் கொடுக்கலாம் என்று ஒரு பரிந்துரை எழுந்தது. இந்த மண்ணில் வாழும் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். தமிழே இருக்க வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராட்டமாகவே நடத்தினார். போராடியதோடு விடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், கடைச் சிப்பந்திகளும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் என்றால் என்னவென்று உள்ளே போய்ப் பார்த்திராதவர்கள். அந்தப் பணத்தில் தமிழ் நூல்கள் வாங்கப்பட்டன. 1956இல் துறை தொடங்கியது, தமிழோடு. பிறகு கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது, நூல்களும் வந்தன.

1961இல் தனிநாயகம் அடிகள் துறைத் தலைமை ஏற்றார். ஐந்தே ஆண்டில், 1966 ஏப்ரலில், முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை இந்தக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். சென்னைக்கு அது கிடைத்தது 1968இல்தான். உலகத் தரம் என்று இன்று எண்ணைக் காட்டுகிறோமே, தமிழ் ஆய்வைப் பொறுத்தவரை அன்றைக்கு உலகம் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

"நம்ம பூட்டன் குடுத்திருப்பாரா சித்தி?" என்றாள் பாப்பா. அவர் குரோ தோட்டங்களில் வேலை செய்தவர். கொடுத்தாரா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இன்றைய நிலவரத்தை மறைப்பது சரியாக இருக்காது. என் நிகழ்ச்சிக்கு ஒருமுறை ஒரு தமிழ் ஆய்வாளர் வந்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். அவர் வேலை அவருக்கு வேண்டும். ஒலிவாங்கி அணைந்த பிறகு சொன்னார்: "தமிழ்ல எழுதுனா நம்ம ஆளுங்க படிப்பாங்க, புள்ளி வராது. ஸ்கோப்பஸ் இதழுக்கு இங்கிலீஷ்ல எழுதுனா புள்ளி வரும், நம்ம ஆளுங்க படிக்க மாட்டாங்க. வருசக் கடைசியில எனக்குப் புள்ளிதான் வேணும்." மலேசியத் தோட்டப் பாடல்களைப் பத்து வருடம் சேகரித்தவர் அவர். அதை நூலாக்க நேரமில்லை என்றார். இது தமிழுக்கு மட்டும் வந்த வினை இல்லை. மலாய் இலக்கியம், உள்ளூர் வரலாறு, பள்ளிக்கல்வி என்று இந்த மண்ணைப் பற்றி இந்த மண்ணின் மொழியில் எழுதும் எல்லோருக்கும் அதே தராசு.

அதனால் பட்டியலே பொய், நாட்டுக்கு உழைப்பதே மெய் என்று முடிவு கட்டவும் எனக்குத் துணிவில்லை. இந்த வளாகமே அதற்கு மறுப்பு வைத்திருக்கிறது. 1998இன் கடைசியில் பேராக்கிலும் பிறகு நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சல் வந்து செத்தார்கள். ஜப்பானியக் கொசுக் காய்ச்சல் என்று நம்பிப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில், அப்போது பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங் என்பவர் 1999 மார்ச்சில் அது இதுவரை யாரும் காணாத வைரஸ் என்று கண்டுபிடித்தார். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த அந்த நோய்க்கு, சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் நிப்பா என்று பெயர். அந்த ஆய்வை உலகின் தலைசிறந்த அறிவியல் இதழ் ஒன்று வெளியிட்டது. இன்று கேரளாவில் நிப்பா வந்தால் உலகமே அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் மேற்கோள் எண்ணிக்கைக்காக அந்தக் குப்பியைக் கையில் எடுத்திருக்க மாட்டார். கிராமத்தில் ஆள் செத்துக்கொண்டிருந்தான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதால் உலகப் பெயரும் வந்தது.

இதே போல உங்கு அஜிஸ். 1968 முதல் 1988 வரை இருபது ஆண்டு துணைவேந்தர். வறுமையை அளக்க அவர் சொன்ன வழி, ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணுவது. இந்த நாட்டைத் தெரிந்தவரால் மட்டுமே யோசிக்க முடிகிற அளவுகோல். லண்டனில் இருந்து யாரும் அதை அனுப்பி வைக்க முடியாது.

கலை, சமூக அறிவியல் பீடத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கும் பகுதிக்குப் போனபோது மதியம் ஆகிவிட்டது. அறிவிப்புப் பலகையில் தமிழ்ப் பேரவையின் சுவரொட்டி ஒன்று. வானொலியில் என்னோடு வேலை செய்பவர்களில் சிலருக்குப் 'பேரவைக் கதைகள்' போட்டியில்தான் முதல் கதை அச்சேறியது. அந்தப் பெருமையை இன்னும் விடாமல் சொல்வார்கள். சிற்றுண்டிச் சாலையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தனியாக உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கெடா பக்கத்துப் பெண். பாப்பா நேராகப் போய் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நான் தே ஓ வாங்கப் போவது போல விலகிக்கொண்டேன். ஆனால் காது அங்கேதான். தொழில் பழக்கம்.

"அக்கா, இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. டீச்சர் ஆகணும்னு ஒரே முடிவா இருந்தா உப்சி போ. எனக்கு மியூசியத்துல வேலை பார்க்கணும்னு ஆசை. எங்க ஊர்க்கிட்ட பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கு. அங்க வர்றவங்களுக்கு அது என்னன்னு தமிழ்ல சொல்ல ஆளே இல்ல."

"வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"அம்மா ஒத்துக்கிட்டாங்க. அப்பா இன்னும் எக்கனாமிக்ஸ்னுதான் சொந்தக்காரங்கக்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. பிறகு அந்தப் பெண் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். படிப்பு கஷ்டம்தான் என்றாள். சங்க இலக்கியம் ஒரு பக்கம், மலாயில் எழுத வேண்டிய கட்டுரைகள் ஒரு பக்கம், ஆங்கில ஆய்வு நூல்கள் ஒரு பக்கம். "மூணு மொழியில முழிச்சிக்கிட்டே இருக்கணும்." இன்னொன்றும் சொன்னாள். மொழியியல் பீடத்திலும் தமிழ் மொழியியல் பட்டம் இருக்கிறது, அதையும் விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள் என்று. பாப்பா கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். அது எனக்கும் அக்காவுக்கும் தெரியாத தகவல். இத்தனை நாள் சண்டையில் யாருக்கும் தோன்றவில்லை.

மாலை கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ்.க்குக் காத்திருந்தோம். அத்தான் அழைத்தார். பாப்பா ஒலிபெருக்கியில் போட்டாள், நானும் கேட்கட்டும் என்று.

"என்னம்மா, பார்த்தியா? எப்படி இருக்கு 58ஆவது இடம்?"

"நல்லா இருக்குப்பா. மரம் நிறைய. நூலகத்துல ஒரே குளிரு."

"சரி, ஃபார்ம்ல என்ன போடுறதா முடிவு பண்ணிருக்க?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "அப்பா, தோட்டத்துல தாத்தாவோட அப்பா எவ்வளவு சம்பளம் வாங்குனாரு?"

அத்தான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அது எதுக்கு இப்ப? ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு வெள்ளி இருக்கும். தாத்தாவைத்தான் கேக்கணும்."

"அப்போ ஒரு வெள்ளின்னா அரை நாள் சம்பளம் மாதிரி."

"ஆமா. ஏன்?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன். தாத்தாவைத் தூங்க விடாம வைங்க."

வண்டி அறிவிப்பு வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தாள். அந்த வரிசையில் எது முதலில் இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. விண்ணப்பம் மூட இன்னும் ஆறு நாள் இருந்தது.